நாற்பதுக்கு மேல் பறவை பார்க்கத் தொடங்கினால்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

நான் 43 வயதில் தொடங்கினேன். அதுவரை எனக்குத் தெரிந்த பறவைகள் காகம், மைனா, பருந்து, கொக்கு. கொக்கு என்றால் வெள்ளையாக நிற்கும் எல்லாமே. வீடு உச்சிப்புளிப் பக்கம், வேலை இராமநாதபுரத்தில், நாற்காலியை விட்டு எழாத வேலை. இரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் மருத்துவர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க அலுப்பாக இருந்ததால் கண்மாய்க் கரைப் பக்கம் போனேன். அங்கே தண்ணீரில் நின்ற ஒன்றுக்குப் பெயர் தெரியவில்லை. பக்கத்தில் ஆடு மேய்த்தவரிடம் கேட்டேன். "தெனமும் நிக்கிதுங்க, பேரு தெரியாது" என்றார். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

இப்போது தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு என் அனுபவத்தில் தெரிந்த பதில்கள் இவை.

இந்த வயதில் தொடங்கி என்ன தேறும்?

நிறையவே தேறும். ஓட வேண்டாம், குனிய வேண்டாம், யாரோடும் போட்டியிட வேண்டாம். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் புத்தகம்தான் மங்கும், தூரத்துப் பறவை மங்காது. நிஜமான தடை வேறு. ஒரு துறையில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல நாக்கு வராது. இங்கே முதல் ஆறு மாதம் அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பத்து வயதுப் பையன் உங்களைத் திருத்துவான். என்னைத் திருத்தியிருக்கிறான். ஆலா என்ற கடற்பறவையைக் கடற்காகம் என்று சொல்லிவிட்டேன். "மாமா, வாலைப் பாருங்க" என்றான்.

கடலை வைத்துக்கொண்டு ஏன் பறவை? நீச்சல், துடுப்புப் படகு என்று போகக்கூடாதா?

தாராளமாகப் போகலாம். பிரப்பன்வலசையில் பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலில் துடுப்புப் படகு விடுகிறார்கள். காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். இரண்டும் நல்ல அனுபவம். ஆனால் இரண்டுக்கும் ஆள் வேண்டும், நேரம் குறிக்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். பறவை பார்க்க வேலைக்குப் போகிற வழியில் பதினைந்து நிமிடம் போதும். அப்புறம் பழகிய கண்ணோடு காரங்காட்டுப் படகில் ஏறிப் பாருங்கள், அதே பயணம் இரண்டு மடங்காகத் தெரியும்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா போதும். ஒரு மாதம் கழித்தும் காலையில் எழுந்து போகிறீர்கள் என்றால் இருகண்நோக்கி வாங்கலாம். எல்லாரும் பைனாகுலர் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

இதில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். "100 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் ஒன்றை வரவழைத்தேன். அதில் தெரிந்தது என் கை நடுக்கம் மட்டும்தான். பறவைக்காரர்கள் சொல்லும் அளவு 8x42. முதல் எண் எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டம் கூடினால் வெளிச்சம் கூடும், எடையும் கூடும். 10 மடங்கு வாங்கலாமே என்று தோன்றும். தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனைக் காற்றில் நின்று ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எட்டே நமக்குச் சரி.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே திருகி இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் பலர் "எனக்கு வட்டமாகக் கொஞ்சம்தான் தெரிகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கடலோரத்தில் பைனாகுலருக்கு எதிரி உப்பும் மணலும். வீட்டுக்கு வந்ததும் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுங்கள், அல்லது மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் பைனாகுலர் பையில் போட்டு வையுங்கள்.

எங்கே போவது?

வீட்டுக்குப் பக்கத்தில். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, தனுஷ்கோடி என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை தனுஷ்கோடி போகிறவரைவிட வாரத்துக்கு மூன்று முறை ஒரே கண்மாய்க் கரையில் நிற்கிறவருக்கு அதிகம் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதே கரை, அதே மரம், அதே மதகு என்று பழகிவிட்டால் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்த உடனே கண்ணில் படும். ஊர் ஊராகச் சுற்றினால் எல்லாமே புதிதாகத்தான் இருக்கும், எது அபூர்வம் என்று தெரியாது.

நம் மாவட்டத்துக்கு இதில் பெரிய வசதி உண்டு. இராமநாதபுரம் நகரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல். முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும். கடலாடிப் பக்கம் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர். எல்லாமே பறவைகள் சரணாலயங்கள், எல்லாமே பாசனக் கண்மாய்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-லும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. மன்னார் வளைகுடாவும் 2022-ல் அதில் சேர்ந்துவிட்டது. வறண்ட மாவட்டம், தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஊருக்கு இது. எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பதற்கில்லை.

இந்தக் கண்மாய்களில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை எல்லாம் கூடு கட்டுகின்றன. மழை பொய்த்து கண்மாய் நிரம்பவில்லை என்றால் அந்த வருடம் கூடு இல்லை. போன வருடம் பார்த்தோமே என்று நம்பிப் போய்ப் புழுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கிளம்பும் முன் அந்த ஊரில் யாரையாவது கேட்டுவிடுங்கள், "கண்மாயில தண்ணி கெடக்கா?" என்று.

கடலோரம் வேண்டும் என்றால் மண்டபம், பாம்பன் மீன் இறங்குதளங்கள் தொடக்கக்காரருக்கு அருமையான இடங்கள். பறவைகள் மனிதர்களுக்குப் பழகியவை, பக்கத்திலேயே நிற்கும். செம்பருந்து தலைக்கு மேலே சுற்றும். கிருஷ்ணப் பருந்து என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதுதான். தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். வால் நுனி பிளந்து, உடம்பு முழுக்கப் பழுப்பாக இருந்தால் அது கள்ளப்பருந்து. முதல் நாள் இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் போதும், அன்றைக்குக் கணக்கு முடிந்தது.

எந்த மாதம் நல்லது? எந்த நேரம்?

அக்டோபரிலிருந்து மார்ச் வரை. வடக்கே பனி இறங்கும்போது மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் பறவைகள் தெற்கே வருகின்றன. அதே சமயம் இங்கே வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிரப்புகிறது. இரண்டும் ஒரே காலத்தில் அமைந்தது நம் அதிர்ஷ்டம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தனுஷ்கோடிப் பக்கம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் வீட்டு முருங்கை மரத்துப் பறவைகளைப் பாருங்கள்.

வாடைக்காலத்தில் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா ஓரளவு அடங்கியிருக்கும். கச்சான் காலத்தில் இது தலைகீழ். பெண்கடல், ஆண்கடல் என்று பெயர் வைத்திருந்தாலும் இரண்டும் முறை வைத்துத்தான் கோபப்படுகின்றன. அடங்கியிருக்கிற கடலின் கரையில் நின்றால் பறவையும் தெரியும், கண்ணும் எரியாது.

கண்மாய்க்கு விடியற்காலை. கடலோரத்துக்குக் கடிகாரத்தைவிட நீர் வற்றும் நேரம் முக்கியம். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தட்டையான சேற்றுத் தரையில் ஒரு சாண் நீர் இறங்கினாலே பெரிய சாப்பாட்டுப் பந்தி விரிந்துவிடும், சேற்றில் இரை தேடும் சின்னப் பறவைகளான உள்ளான்கள் கூட்டமாக இறங்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் நீர் இன்னும் அதிகமாக வற்றும். நேரம் தெரிய செயலி எல்லாம் வேண்டாம், கரைவலை இழுக்கிறவரைக் கேட்டால் போதும்.

எல்லாக் கொக்கும் வெள்ளையாகத்தானே இருக்கிறது? எப்படிப் பிரிப்பது?

நான் அதிகம் விரும்பும் கேள்வி இது. ஏனென்றால் இதை ஒருமுறை பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். நிறத்தை மறந்துவிடுங்கள். அலகையும் காலையும் பாருங்கள்.

மாட்டுக்குப் பின்னால் நடக்கிறதா? கழுத்து குட்டையாக, அலகு குட்டையாக மஞ்சளாக இருக்கிறதா? உண்ணிக்கொக்கு. கூடு கட்டும் காலத்தில் இதற்குத் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் ஏறும், மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி.

தண்ணீரில் நிற்கிறது, அலகு கருப்பு, கால் கருப்பு, ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. பறக்கட்டும், காத்திருங்கள், மஞ்சள் காலுறை போட்டது போல் தெரியும். ஒரு காலைச் சேற்றில் ஆட்டிக் கலக்கி மீனைக் கிளப்பும் வேலையும் இதனுடையதே.

ஆள் உயரமாக, கழுத்தில் உடைந்து ஒட்டியது போல் ஒரு மடிப்போடு நின்றால் பெரிய கொக்கு. இதற்கும் நடுத்தரக் கொக்குக்கும்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். வாய் பிளக்கும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரம். பெரிய கொக்கின் அலகு பெரும்பாலும் மஞ்சள், கூடு கட்டும் காலத்தில் கருத்துவிடும். ஆக, அலகு நிறத்தை மட்டும் நம்பினால் மோசம் போவீர்கள்.

ஐந்தாவது ஒன்று கடலோரத்துக்கே உரியது. கடற்கரைக் கொக்கு. கல்பலகை நிறத்தில், தொண்டை மட்டும் வெள்ளையாக ஒன்று பாறை ஓரம் குடிகாரனைப் போல இங்கும் அங்கும் ஓடி மீன் பிடித்தால் அதுவே. இதே இனத்தில் முழு வெள்ளையும் உண்டு, அதைச் சின்னக் கொக்கிலிருந்து பிரிக்கத் தடித்த, மங்கிய மஞ்சள் கலந்த அலகைப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இன்றும் சில நாள் "கொக்கு" என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறேன்.

மடையான் என்ற குளத்துக் கொக்கைச் சேர்க்கவில்லையே என்பீர்கள். அது நிற்கும்போது மண், பறந்தால் சுண்ணாம்பு. ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பூநாரை எப்போது வரும்?

பெரும்பாலும் பொங்கலை ஒட்டி, சில வருடம் முன்னே பின்னே. தனுஷ்கோடிச் சாலையின் இரு பக்கமும் உள்ள ஆழமில்லாத உப்பங்கழிகளில் நிற்கும். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், சுமார் 525 ஹெக்டேர். 1964 டிசம்பர்ப் புயலில் ஊர் அழிந்த இடம், இன்று பறவைக்கு ஊர்.

தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்துச் சல்லடை போலச் சலித்துத் தின்னும். தின்கிற பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருளால்தான் அதற்கு அந்தச் சிவப்பு. இளம் பறவைகள் சாம்பலாக இருக்கும், "இது வேற சாதி" என்று சொல்லிவிடாதீர்கள். நிற்கும்போது வெளிறித்தான் தெரியும். பறந்தால்தான் இறக்கையின் செக்கச்சிவப்பு திறக்கும். அதற்காகக் கை தட்டிக் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெடுந்தூரம் பறந்து வந்த பறவை இரை தின்கிற நேரத்தில் கிளப்பினால் அதற்கு எவ்வளவு நட்டம் என்று யோசிக்க வேண்டும்.

கண்மாயில் பூநாரை பார்த்தேன் என்று யாராவது சொன்னால் பத்துக்கு எட்டு அது சங்குவளை நாரையாக இருக்கும். அதற்கும் வால் பக்கத்தில் ரோஜா நிற இறகுகள் உண்டு. ஆனால் அலகு நீண்டு மஞ்சளாக, நுனியில் லேசாக வளைந்திருக்கும்.

அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது, பேருந்தும் போகிறது. இருட்டும் முன் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு வேண்டுகோள், வண்டியைச் சாலையை விட்டு இறக்காதீர்கள். நான் ஒருமுறை "இன்னும் கொஞ்சம் பக்கத்தில்" என்று மோட்டார் சைக்கிளை மணலில் இறக்கி, அச்சு வரை புதைத்துக்கொண்டேன். மூன்று மீனவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். "ஏண்ணே, குருவி பாக்குறதுக்கு வண்டி எதுக்கு உள்ள?" என்று கேட்டார் ஒருவர். பதில் இல்லை.

மணலில் ஓடும் சின்னஞ்சிறு உள்ளான்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே?

முதல் வருடம் விட்டுவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், பழுத்த ஆட்களே தகராறு செய்துகொள்ளும் இடம் அது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், நம் ஊர்க் கதையோடு சேர்ந்தது. கைக்குள் அடங்கும் அளவில், வெளிர் மணல் நிறத்தில் ஒரு உப்புக்கொத்தி தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் கூடு கட்டி வாழ்கிறது. கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றே நெடுங்காலம் கணக்கில் வைத்திருந்தார்கள். 2023-ல் அது தனி இனம் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். வைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இந்தியாவையும் இலங்கையையும் சேர்த்த பாலத்தின் கதையை நினைத்து வைத்த பெயர். சேதுக்கரைக்காரர்கள் நாம் வைத்திருக்க வேண்டிய பெயரை வேறு யாரோ வைத்துவிட்டார்கள், பரவாயில்லை.

இது மணலில் சும்மா ஒரு குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம். கோடையில் கரையில் நடக்கும்போது ஒரு பறவை இறக்கை ஒடிந்தது போல் நொண்டிக்கொண்டு உங்களுக்கு முன்னால் ஓடினால் நின்றுவிடுங்கள். முட்டை உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அம்மா உங்களைத் திசைதிருப்புகிறாள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள்.

கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் என்ன வித்தியாசம்?

பையன் சொன்னதுதான், வாலைப் பாருங்கள். ஆலாவுக்கு வால் பிளந்திருக்கும், இறக்கை கூராக இருக்கும், மேலேயிருந்து கல் விழுந்தது போல் கடலுக்குள் பாயும். கடற்காகம் கொஞ்சம் தடித்த ஆள். தண்ணீரில் வாத்து மாதிரி உட்கார்ந்து மிதக்கும், படகிலிருந்து எறியும் கழிவுக்குச் சண்டை போடும். கேரட் போலச் சிவந்த பெரிய அலகோடு ஆலா தெரிந்தால் அது காஸ்பியன் ஆலா, ஆலாக்களிலேயே பெரியது.

தீவுகளுக்குப் போகலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. வனத்துறை ஏற்பாட்டில் படகு விடும்போது போகலாம். தெரிந்த படகுக்காரர் "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாலும் வேண்டாம். மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் பிழைப்பு போகும்.

பைனாகுலரோடு நின்றால் போலீஸ் கேட்பார்களாமே?

கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். எதிரே இலங்கை, கடத்தல் நடக்கிற கரை, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம். அந்தத் தளத்தின் பெயரே ஐ.என்.எஸ். பருந்து என்பது எங்களுக்குள் ஒரு சிரிப்பு. ஆதார் அட்டையும் பறவைப் படம் போட்ட புத்தகமும் பையில் இருக்கட்டும். கேட்டால் பைனாகுலரைக் கொடுத்து "நீங்களே பாருங்க சார்" என்று சொல்லுங்கள். ஒரு காவலர் பத்து நிமிடம் திருப்பித் தரவில்லை, அவ்வளவு ரசித்துப் பார்த்தார். தளம், ரயில் பாலம், ரோந்துப் படகு இவற்றின் பக்கம் கண்ணாடியைத் திருப்பாதீர்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

என் மனைவியிடமும் அவருடைய தோழிகளிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊரை ஒட்டிய கண்மாய்க் கரை, ஆட்கள் நடமாடும் மீன் இறங்குதளம், காரங்காடு ஆகியவற்றில் அவர்களுக்குச் சிரமம் இருந்ததில்லை. ஆளில்லாத கடற்கரைக்கு இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது என்கிறார்கள். கழிப்பறை இல்லாததே பெரிய பிரச்சினை என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் போவது இந்த வெயிலில் ஆபத்து. கழிப்பறை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வழியை முடிவு செய்யுங்கள்.

படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் முதல் வருடம் கேமரா வாங்காதவர்கள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். கேமராக்காரர் படம் சரியாக வந்ததா என்று கீழே பார்க்கும்போது பறவை செய்வதைத் தவறவிடுகிறார்.

கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகவே கூடாது. தாய்ப்பறவை எழுந்து போனால் காகம் முட்டையைத் தூக்கிவிடும். இன்னொன்று வெயில். நண்பகலில் சங்குவளை நாரையைக் கவனித்தால் தெரியும், இறக்கையைக் குடை போல விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் பத்து நிமிடம் அதை விரட்டிவிட்டால் அந்த வெயிலில் குஞ்சின் கதி என்ன? பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நாம் நாற்பது அடி தள்ளி நிற்கக் கூடாதா?

பெயர்களைத் தமிழில் கற்கலாமா, ஆங்கிலத்திலா?

இரண்டும் வேண்டும். புத்தகமும் செயலியும் ஆங்கிலப் பெயரில் ஓடுகின்றன. கரையில் மனிதரோடு பேசத் தமிழ்ப் பெயர் வேண்டும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், புத்தகத் தமிழ்ப் பெயரும் ஊர்ப் பெயரும் பல சமயம் ஒத்துப்போகாது. ஒரே பெயரை இரண்டு ஊரில் இரண்டு பறவைக்கு வைத்திருப்பார்கள். சண்டை போடாமல் நோட்டில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், எந்த ஊரில் யார் சொன்னது என்பதோடு. என் நோட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கங்கள் அவையே.

எழுதி வைப்பது அவசியமா?

அவசியம். தேதி, இடம், வந்த நேரம், போன நேரம், எது, எத்தனை. கூட்டம் பெரிதாக இருந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு பத்துப் பத்தாக நகருங்கள். நூறு வந்ததும் நூறு நூறாக. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

இபேர்ட் என்ற இலவச இணையதளத்தில் இந்தக் கணக்கை ஏற்றலாம், ஆராய்ச்சிக்குப் பயன்படும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் சேர யாருடைய சிபாரிசும் வேண்டாம். பதினைந்து நிமிடம் மொட்டை மாடியில் நின்று எண்ணி ஏற்றினாலே நீங்கள் உள்ளே. வனத்துறையும் வருடா வருடம் ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுக்கிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். பழுத்த ஆள் ஒருவரின் பக்கத்தில் ஒரு காலைப் பொழுது நின்றால் ஆறு மாதப் பாடம் கிடைக்கும்.

வெயில், உடம்பு?

ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். தொப்பி, தண்ணீர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் பையில் கடலைமிட்டாயோ பிஸ்கட்டோ வைத்திருக்க வேண்டும், நான் ஒருநாள் கண்மாய் மடையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், சிப்பி கிழித்துவிடும். ஆழமில்லாத கடலில் நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிவிடும்.

வீட்டில் சிரிக்கிறார்களே, என்ன செய்வது?

சிரிக்கட்டும். என் அம்மா முதல் மாதம் "காக்கா பாக்கவா காலங்காத்தால போற?" என்றார். தேநீர்க் கடையில் "இதுக்கு எவ்வளவு சார் குடுக்குறாங்க?" என்று கேட்டார்கள். ஒன்றும் கிடையாது என்றதும் அவர்கள் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

போன மார்கழியில் அலுவலகத்தில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. கொல்லைப்புறத் தொட்டியில் ஏதோ தண்ணீர் குடிக்கிறதாம், முதுகு நீலமாம், மார்பு வெள்ளையாம், அலகு சிவப்பாம். வெண்மார்பு மீன்கொத்தி என்றேன். "அது தெரியும்டா. நேத்து ரெண்டு வந்துச்சு, இன்னைக்கி ஒண்ணுதான் வந்திருக்கு. ஏன்?" என்று கேட்டார்.